ஏழு மதிலும் ஒரு சர்வரும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோனால், சமையல்காரருக்கும் சத்திரத்துக்கும் சொல்லுமுன் அச்சகத்துக்கு ஆள் வந்துவிடும். பத்திரிகை ஊருக்குள் போய்விட்டால் அப்புறம் எதை மறைப்பது? நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில், அப்படி வந்து நிற்பவரிடம் எங்கள் ஃபோர்மேன் காரணம் கேட்க மாட்டார். கேலித் தட்டில் கோத்துக் கட்டி வைத்திருந்த மேட்டரின் நூலை அவிழ்ப்பார். "பிரிச்சுப் போடுறா" என்று என்னைக் கூப்பிடுவார். அரை மணியில் எழுத்தெல்லாம் கேஸுக்குத் திரும்பிவிடும். மாப்பிள்ளை பெயரில் நின்ற 'ர' மறுநாள் கீழ உத்தர வீதி சீமந்தம் ஒன்றுக்குப் போகும். பெண்ணின் கோத்திரத்தில் இருந்த 'ஜ' ஜவுளிக்கடை நோட்டீஸில் போய் உட்காரும். ஈய எழுத்துக்குப் பூர்வ ஜன்ம ஞாபகம் கிடையாது. கம்பியில் குத்தியிருந்த ப்ரூஃபையும் ஃபோர்மேன் உருவிக் கிழித்துப் போட்டுவிடுவார். அதோடு அந்தக் கல்யாணம் பேசப்படவே இல்லை.

இன்று அதே வீடு, அதே அச்சகம். டிரெடில் மெஷின் நின்ற இடத்தில் ஏ.சி.யும் கணினிகளும். எழுத்துக் கோத்த என்னை, ப்ரூஃப் பார்க்கவும் சர்வர் இருக்கும் அலமாரிச் சாவியை வைத்துக்கொள்ளவும் முதலாளியின் மகன் விட்டுவைத்திருக்கிறார். அண்மையில் ஒரு பெண்ணின் சித்தப்பா வந்தார். "ஒரு காப்பிகூட இருக்கப்படாது சார்" என்றார். டிசைன் செய்யும் பெண் அவர் கண்ணெதிரிலேயே ஃபோல்டரை அழித்தாள். "நெட்வொர்க்ல இருக்கிறதை அழிச்சா ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது மாமா, ஒரேயடியாப் போயிடும்" என்று தைரியமும் சொன்னாள். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். சாயங்காலம் வேறு ஏதோ தேடப்போய் அவள் வலது க்ளிக் செய்து 'முந்தைய பதிப்புகள்' என்பதைத் திறந்தாள். கல்யாணம் மணிக்கு ஒன்றாக வரிசையில் நின்றது. பத்து மணிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பி.இ., பதினொரு மணிக் கல்யாணத்தில் எம்.இ.

இந்த ஏற்பாடு எல்லாம் முதலாளியின் உறவுக்காரப் பையன் செய்தது. திருச்சியில் பொறியியல் முடித்தவன். பழைய கணினி ஒன்றில் நான்கு டிஸ்க்குகளை மாட்டி, லினக்ஸ் ஏற்றி, அதில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையை வைத்துக் கொடுத்தான். ஆரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் 2007-ல் தொடங்கிய வேலை அது. 2009-ல் லினக்ஸ் கெர்னலின் 2.6.29 பதிப்பில் சேர்ந்தது. 2014-ல் சூசி லினக்ஸ் தன் நிறுவனப் பதிப்பு 12-ல் இதையே வழக்கமாக்கியது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். இன்னும் சில வருஷம் இருந்திருந்தால் இதை அரைப் பக்கத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்திருப்பார். நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரணமாக ஒரு கோப்பைத் திருத்தினால் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். பிடிஆர்எஃப்எஸ் அப்படி எழுதாது. திருத்திய பகுதியை வேறு காலி இடத்தில் எழுதிவிட்டு, 'இனி இங்கே பார்' என்று குறிப்பை மாற்றிக்கொள்ளும். ஸ்னாப்ஷாட் எடுத்தால், அந்த நிமிஷத்துக் குறிப்புகள் அத்தனையும் அப்படியே நிறுத்தப்படும். எடுக்கக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும், எடுத்த கணத்தில் இடமும் அடைக்காது. அதற்குப் பிறகு மாறுகிறவற்றுக்கு மட்டும்தான் இடம் செலவு. ஈயக் காலத்தில் ஒரு மேட்டரைப் பிரிக்காமல் கட்டி வைப்பதென்றால் அத்தனை எழுத்தும் முடங்கிப்போகும். 'ண' போதாமல் பக்கத்து அச்சகத்தில் கைமாற்று வாங்கிய நாளெல்லாம் உண்டு. அதனால் எதை நிறுத்துவது, எதைப் பிரிப்பது என்று ஃபோர்மேன் தினமும் முடிவெடுத்தார். இப்போது யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. எல்லாமே நிற்கிறது.

சித்தப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வழி உண்டா என்று பையனுக்குப் போன் போட்டேன். "ஸ்னாப்ஷாட் எல்லாம் படிக்க மட்டும்தான் சார். உள்ளேயிருந்து ஒரு ஃபைலை மட்டும் உருவ முடியாது. ஒவ்வொண்ணா பூட்டைத் திறந்து எடுக்கணும், இல்லேன்னா அந்த ஸ்னாப்ஷாட்டையே தூக்கணும். தூக்கினா அந்த நேரத்து மத்த கல்யாணமெல்லாம் சேர்ந்து போயிடும்" என்றான். முதலாளி மகன் யோசித்தார். "இருக்கட்டும், ஒரு மாசத்துல தானே கழிஞ்சிடும்" என்றார். மூன்று வாரத்தில் சித்தப்பாவே திரும்பி வந்தார். சமரசமாகிவிட்டதாம், அடுத்த முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. டிசைன் பெண் பழைய ஃபோல்டரை ஒரே க்ளிக்கில் மீட்டுத் தேதியை மட்டும் மாற்றினாள். பில்லில் புது டிசைனுக்கான முழுக் கூலியும் இருந்தது. ஈயக் காலத்தில் திரும்ப உட்கார்ந்து கோத்து நியாயமாக வாங்கிய காசு அது. தொழில் வளர்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஸ்ரீரங்கத்துக்கு அச்சுத் தொழில் புதிதில்லை. ஆதிசங்கரர் நூல்களை 1910-ஐ ஒட்டி இருபது தொகுதிகளாக வெளியிட்ட ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் இந்தத் தீவில் இருந்ததுதான். எங்களுடையது அந்த வரிசையில் வராத சின்ன இடம். பத்திரிகை, நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், வருஷத்துக்கொரு பஞ்சாங்கம். நீளமான பழைய வீடு. திண்ணையில் வாடிக்கையாளர், ரேழியில் பில் புத்தகம், கூடத்தில் கம்போசிங் கேஸ்கள், இரண்டாம் கட்டில் மெஷின். அதற்கும் உள்ளே ஒரு சின்ன அறை. பஞ்சாங்கக் கையெழுத்துப் பிரதி அங்கே அலமாரியில் இருக்கும். அந்த அறைப் படியை மிதிக்க ஃபோர்மேனுக்கும் கணிதம் பார்க்கும் பெரியவருக்கும் மட்டும்தான் உரிமை. ஒரு திதி சில நாழிகை மாறி அச்சானால் யார் வீட்டிலோ சிராத்தம் வேறொரு நாளில் நடந்துவிடும் என்பார் பெரியவர். முன் வருஷங்களின் பஞ்சாங்கங்களும் திருத்திய ப்ரூஃப்களும் வருஷவாரியாகக் கட்டி அங்கேயே இருக்கும். வேறு எங்கும் இருக்காது. அது எல்லோருக்கும் தெரியும். ஐந்து நிலைப்படி, ஐந்து சட்டம். எந்தப் படியைத் தாண்டினால் எந்தச் சட்டம் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்து நுழையும்போதே தெரிந்துவிடும்.

நான் சேர்ந்த எண்பதுகளில், 1984-ல், ராஜகோபுரம் இன்னும் சாரத்துக்குள்தான் இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்றது, பதின்மூன்று நிலையோடு 236 அடிக்கு எழும்பிக் கும்பாபிஷேகம் கண்டது 1987 மார்ச்சில். அதே 1984-ல் அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்.எஃப்.எஸ். என்ற ஒன்றை உருவாக்கியது. எங்கோ இருக்கும் டிஸ்க்கை உன் மேசையிலேயே இருப்பதாகக் காட்டும் ஏற்பாடு. விண்டோஸ் கணினிகளுக்கு அதே வேலையை லினக்ஸ் சர்வரிலிருந்து செய்து கொடுக்கும் சாம்பாவை ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ஐ ஒட்டி எழுதத் தொடங்கினார். இரண்டின் நோக்கமும் ஒன்றுதான். படி தெரியக் கூடாது, தூரம் தெரியக் கூடாது, எல்லாம் ஒரே தளமாகத் தெரிய வேண்டும்.

பையனும் அந்த நோக்கத்துக்குக் குறை வைக்கவில்லை. 'அச்சகம்' என்று நெட்வொர்க்கில் ஒரே ஷேர். உள்ளே பத்திரிகை, நோட்டீஸ், படங்கள், பஞ்சாங்கம். திறந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரி மஞ்சள் ஃபோல்டர். ஆனால் பஞ்சாங்கத்தை மட்டும் அவன் ஃபோல்டராகப் போடவில்லை, சப்வால்யூமாகப் போட்டிருந்தான். அதாவது அதே டிஸ்க்குக்குள், அதே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டே, தனக்கென்று தனிக் கணக்கும் தனி ஸ்னாப்ஷாட்டும் உள்ள உட்பிரிவு. பத்திரிகைகளின் பழைய பதிப்பு ஒரு மாதத்தில் கழிந்துவிடலாம், பஞ்சாங்கத்துக்கு வருஷக்கணக்கில் வேண்டும். அவன் செய்தது சரியான காரியம். உள்ளறை அலமாரிக்கு ஃபோர்மேன் வைத்த அதே சட்டம்தான். ஒரு வித்தியாசம், இங்கே நிலைப்படியைச் சுவரோடு சுவராகப் பூசி மறைத்துவிட்டார்கள்.

கார்த்திகையில் கணிதப் பெரியவர் வந்தார். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, கண்தான் மங்கல், கணக்கு மங்கவில்லை. "விஜயதசமியன்னிக்கு மார்கழிப் பக்கம் எப்படி இருந்ததுன்னு பார்க்கணும். அதுக்கப்புறம் எவனோ கைவெச்சிருக்கான்" என்றார். டிசைன் பெண் ஸ்னாப்ஷாட் கிடங்கில் அந்தத் தேதியைத் திறந்தாள். பத்திரிகைகள் இருந்தன. மெஸ் ஒன்றின் விலைப்பட்டியல் இருந்தது. பஞ்சாங்கம் என்ற ஃபோல்டரும் இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. முந்தின நாள், அதற்கு முந்தின நாள், எதைத் திறந்தாலும் பஞ்சாங்கம் காலி. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் அலமாரிச் சாவியைப் பார்த்தேன்.

உண்மையில் ஒன்றும் தொலையவில்லை. ஸ்னாப்ஷாட் என்பது தன் சப்வால்யூமின் எல்லையோடு நின்றுவிடும். உள்ளே இன்னொரு சப்வால்யூம் இருந்தால் அதற்குள் நுழையாது. அதன் பெயரில் ஒரு காலி ஃபோல்டரை வைத்துவிட்டு வெளியே வந்துவிடும். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதைப் புரியவைக்கக் கோயிலைக் காட்டினால் போதும். ஏழு பிராகாரம். அடையவளஞ்சானில் நடப்பவனுக்குச் சித்திரை வீதியில் தேர் வருவது தெரியாது. சித்திரை வீதிக்காரனுக்கு உத்தர வீதி தெரிய ஒரு கோபுர வாசலைத் தாண்ட வேண்டும். ரங்கா ரங்கா கோபுரத்துக்கு அப்பால் சட்டமே வேறு. வெளி மதிலைச் சுற்றிப் படம் எடுத்தவனிடம் உள்ளே பெருமாள் எந்த அலங்காரத்தில் இருந்தார் என்று கேட்க முடியாது. அது உள்ளே இருந்தவன் எடுத்திருக்க வேண்டிய படம். பஞ்சாங்கத்துக்கும் அப்படி உள்படங்கள் இருந்தன, அதன் சொந்தக் கிடங்கில். எங்கே தேட வேண்டும் என்று சாம்பாவுக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். ஷேரின் மேல்தட்டில் மட்டும் ஸ்னாப்ஷாட் கிடங்கைத் தேடினால் போதும் என்பது அதன் வழக்கம். எல்லாத் தட்டிலும் தேடு என்று ஒரு வரி எழுதினால் கேட்டுக்கொள்ளும். பையன் அந்த வரியை எழுதினான்.

வரி எழுதியதும் பதிப்புகள் வந்தன, கூடவே சண்டையும் வந்தது. முன்னறை விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து டிசைன் பெண், "விஜயதசமி நாலு மணிப் பதிப்பு" என்றாள். உள்ளறை லினக்ஸ் கணினியில் பிளேட் போடுபவர் அதே கிடங்கைப் பார்த்து, "நாலு மணி எதுவும் இல்லையே, பத்தரைதான் இருக்கு" என்றார். காலையில் திருத்தியதா, சாயங்காலம் திருத்தியதா என்று இருவரும் கூடத்தைத் தாண்டிக் கத்திக்கொண்டார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் கேட்டார். "ரெண்டு பேரும் சரிதான். நடுவுல பதிமூணே முக்கால் நாழிகை இருக்கு" என்றார். அதேதான். சாம்பா வழியாகக் காட்டும் ஸ்னாப்ஷாட்டுகளின் பெயர் கிரீன்விச் நேரத்தில் எழுதப்படுகிறது. விண்டோஸ் அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். உள்ளே நேராகப் போய்ப் பெயரைப் படிப்பவருக்குக் கிரீன்விச் மணியே தெரியும். ஐந்தரை மணி நேரத்தை இருபத்துநாலு நிமிஷத்தால் வகுத்தால் பதின்மூன்றே முக்கால்.

பெரியவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. 1906-ல் இந்தியா முழுவதற்கும் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து ஒரே மணி என்று ஆக்கியதிலிருந்து, ஸ்ரீரங்கத்துச் சூரியன் கடிகாரத்துக்குக் கால் மணி பின்னாலேதான் வந்துகொண்டிருக்கிறது. அதைக் கழித்துப் பார்ப்பது அவருக்குத் தினப்படி வேலை. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணக்கும் ஒரே ஊரில் அருகருகே விற்கின்றன. ஒருவர் வீட்டில் ஏகாதசி, எதிர்வீட்டில் தசமி. எது எந்தக் கணக்கு என்று அட்டையிலேயே போட்டிருப்பதால் அடிதடி இல்லை. "உங்க மிஷின்ல அட்டையைக் காணுமே" என்றார்.

அட்டை இல்லாத குறை உள்ளறையிலும் இருந்தது. ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாம் அதே டிஸ்க்கில் இருப்பவை, டிஸ்க் செத்தால் கூடவே போகும். அதனால் ராத்திரியில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் வேலையை லினக்ஸ் கணினிக்குக் கொடுத்திருந்தார்கள். அது என்.எஃப்.எஸ். வழியாக ஷேருக்குள் நுழைந்து கோப்புகளைப் பட்டியல் போடும். பஞ்சாங்கத்தின் வாசலுக்கு வந்ததும், 'இது ஏற்கெனவே நான் வந்த இடம், சுற்றுகிறது' என்று சொல்லித் திரும்பிவிட்டிருக்கிறது. காரணம் எண். ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஐநோடு என்று ஓர் எண் உண்டு. பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு சப்வால்யூமும் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கும். எல்லாச் சப்வால்யூமின் தலைவாசலுக்கும் எண் 256. உத்தர வீதியிலும் 12-ஆம் எண் வீடு இருக்கும், சித்திரை வீதியிலும் இருக்கும், தபால்காரர் வீதியையும் சேர்த்துப் பார்ப்பார். என்.எஃப்.எஸ். கொண்டுவந்து கொடுத்த முகவரியில் வீதியின் பெயர் அழிந்திருந்தது. ஷேரின் தலைவாசல் 256, உள்ளே பஞ்சாங்கத்தின் தலைவாசலும் 256. கணினி தான் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதாக நினைத்தது. இது எங்கள் வீட்டு வியாதி மட்டுமில்லை. 2021-ல் சூசியில் பணியாற்றிய நீல் பிரவுன் இதற்குத் திருத்தங்கள் அனுப்ப, கெர்னல் எழுதும் பெரிய தலைகளிடையே நீண்ட வாதம் நடந்தது. வீதிப் பெயரை எப்படி எழுதுவது என்பதில் எல்லோருக்கும் பிடித்த ஒரு வழி கிடைக்கவில்லை.

இதற்கிடையில் முதலாளி மகனுக்கு வேறு வருத்தம். டிஸ்க் நிரம்புகிறது என்று பழைய விளம்பரப் படங்களை வண்டி வண்டியாக அழித்தார். இடம் ஒரு இம்மியும் கூடவில்லை. ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அழித்தது அழியாது என்று அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அப்போ நான் காலையிலேர்ந்து என்னதான் பண்ணினேன்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வயது போதாது.

கடைசியில் பையன் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தான். நான்கு ஃபோல்டரும் இப்போது தனித்தனி சப்வால்யூம், ஒவ்வொன்றும் தனி ஷேர், தனி ஸ்னாப்ஷாட் கிடங்கு. என்.எஃப்.எஸ்.ஸிலும் ஒவ்வொன்றும் தனியாக, தனி அடையாள எண்ணோடு. இனி பஞ்சாங்கத்துக்குள் போக வேண்டுமென்றால் பஞ்சாங்கம் என்று எழுதிய வாசலில்தான் நுழைய வேண்டும். யார் நுழையலாம் என்பதற்கும் பட்டியல். நாற்பது வருஷத்துக்கு முன் ஃபோர்மேன் ஒரு பூட்டிலும் ஒரு முறைப்பிலும் முடித்த காரியம், இந்தத் தடவை இரண்டு விடுமுறை நாளில் முடிந்தது. எனக்கு மெத்தத் திருப்தி. பகிர்ந்துகொள்வதற்கு வாசல் தடையில்லை. எங்கே வாசல் இருக்கிறது என்று தெரியாததுதான் தடை. மதிலைக் கட்டிவிட்டு மதிலே இல்லை என்று காட்டுவதை வசதி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முன்னறைக்கு விளங்கியிருக்கிறது போலும். முதலாளி மகன், "எல்லாம் ஒரே இடத்துல வேணும்னுதானே சர்வர் வாங்கினோம்? இப்போ நாலு டிரைவ் நாலு எழுத்துல நிக்குது" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். டிசைன் பெண்ணுக்கு இரக்கம் வந்துவிட்டது. அவர் கணினியின் முகப்பில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் வைத்து, உள்ளே நான்கு ஷேருக்கும் குறுக்குவழி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதற்கு 'எல்லாம்' என்று பெயர். அதை ஸ்னாப்ஷாட் எடுக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று அவர் நேற்று என்னிடம் கேட்டார்.